கணக்கெழுதும் அம்மாவுக்கு நாம் வைத்த பாக்கி

சங்கரன்கோவில் பஜாரில் முதலாளி வெளியூர் போனாலும் கடை நடக்கும். கணக்கெழுதும் அம்மா இரண்டு நாள் லீவு போட்டால் நடக்காது. இதை நம்மில் பலரும் சிரித்துக்கொண்டே ஒப்புக்கொள்கிறோம். ஒப்புக்கொள்வதோடு சரி.

எங்கள் கடையில் அப்படி ஒருவர் 25 வருடம் இருந்தார். விற்பனை வரிக் காலத்தில் வேலைக்கு வந்தவர். 2007 ஜனவரியில் வாட் வந்தது, 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்தது. இரண்டையும் ஆடிட்டரிடம் கேட்டுக் கேட்டே கற்றுக்கொண்டார். ஆடித்தபசுக் கூட்டத்தில் நாம் சாமான் கட்டித் திணறும்போதும், 20ஆம் தேதிக்குள் போக வேண்டிய ரிட்டர்ன் போயிருக்கும். சரக்கு அனுப்பியவர் தன் பில்லைப் போர்ட்டலில் ஏற்றாவிட்டால், நாம் கொடுத்த வரி நமக்குக் கழிவாகாது. விருதுநகருக்குப் போன் போட்டு, விடாமல் பிடித்து, ஏற்ற வைத்தவர் அவர்தான்.

கண் பார்வை மங்கியதால் நின்றுகொண்டார். பொன்னாடை போர்த்தினோம். சுவர்க் கடிகாரமும் ரூ.10,000 ரொக்கமும் கொடுத்தோம். நிறைவாகச் செய்துவிட்டதாகவே நினைத்தோம். மூன்றாம் மாதம் கிராமத்து வாடிக்கையாளர் ஒருவரின் பற்று ஒத்துவரவில்லை. பேரேட்டைத் தூக்கிக்கொண்டு அவர் வீட்டுக்கே போனோம். அரைமணியில் தீர்த்துவைத்து, காபியும் கொடுத்து அனுப்பினார். வெட்கமாக இருந்தது.

1972இல் வந்த பணிக்கொடைச் சட்டம் வகுத்த கணக்கு எளிது. மாதச் சம்பளத்தை 26ஆல் வகுத்து, 15ஆல் பெருக்கினால் ஒரு வருடத்துக்கு உரியது. ரூ.13,000 வாங்குபவருக்கு ரூ.7,500. அதையே 25 வருடத்துக்குப் பார்த்தால் ரூ.1,87,500. நாம் கொடுத்ததோ பத்தாயிரமும் ஒரு கடிகாரமும்!

பத்துப் பேருக்குக் குறைந்த கடையைச் சட்டம் கட்டாயப்படுத்தாது என்பார்கள். உண்மைதான், எங்கள் கடையில் ஆறே பேர். ஆனால் கட்டாயம் இல்லை என்பதால் அவர் உழைத்த வருடங்கள் குறைந்துவிடுமா? தீபாவளிக்குச் சேலை எடுத்தோம், மகள் கல்யாணத்துக்கு மோதிரம் போட்டோம் என்று சொல்வதும் உண்டு. அது நம் பிரியத்துக்குச் செய்தது. சம்பளக் கணக்கில் சேராது. கடையில் லாபம் எங்கே என்று கேட்கும் சிறு வியாபாரியின் கஷ்டமும் நமக்குத் தெரியாததல்ல. மொத்தமாகக் கொடுப்பதென்றால் மலைப்புத்தான். அதனால்தான் மாதாமாதம் ஒதுக்க வேண்டும் என்கிறோம். மேற்சொன்ன சம்பளத்துக்கு மாதம் ரூ.625 ஆகிறது. ஒரு மூட்டை அரிசி விலைகூட இல்லை.

இப்போது கணக்குக்கு வந்திருக்கும் பெண்ணுக்கு முதல் மாதத்திலிருந்தே அஞ்சலகத் தொடர் வைப்பில் கட்டி வருகிறோம். பழைய அம்மாவுக்குரியதைத் தவணையாகக் கொடுக்கிறோம். இரண்டு தவணை போயிருக்கிறது. வாங்கியதை ஒரு நோட்டில் தேதி போட்டு வரவு வைத்திருக்கிறார்.