முட்டைக்கு எதற்குச் சிலிக்கோன் கிண்ணம்?

மலருக்குக் கட்டுரை வேண்டும் என்று நம் சங்கச் செயலாளர் கேட்டபோது, "வேதியியல் படிக்கிறவன் ஆயிற்றே, அணுவைப் பற்றியோ அண்டத்தைப் பற்றியோ எழுதித் தருவான்" என்று எண்ணியிருப்பார். அண்டம் என்ற சொல்லுக்கு முட்டை என்றும் ஒரு பொருள் உண்டு. அந்த வகையில் அவர் எண்ணம் ஈடேறிவிட்டது.

நண்பர்களே, விடுதியை விட்டு வெளியே அறையெடுத்துத் தங்கியிருக்கும் நம்மவர் சமையலறைகளில் அண்மைக் காலமாக ஒரு புதுப் பொருள் புகுந்திருக்கிறது. உள்ளங்கையளவு இருக்கும்; ரப்பரைப் போல் வளையும்; பச்சை, சிவப்பு, மஞ்சள் என்று குழந்தைகளின் விளையாட்டுச் சாமான் போலக் கண்ணைப் பறிக்கும். சிலிக்கோன் கிண்ணம் என்று பெயர். உள்ளே எண்ணெய் தடவி, முட்டையை உடைத்து ஊற்றி, கொதிக்கும் நீரில் படகுபோல் மிதக்கவிட்டால் ஐந்தே நிமிடத்தில் 'போச்' முட்டை தயார் என்று பெட்டியின்மேல் அச்சிட்டிருக்கிறார்கள். அது உண்மையன்று என்பதே என் கட்சி. அந்தக் கிண்ணம் முட்டையைப் போச் செய்வதில்லை, அவிக்கிறது. அவிப்பதற்கு நம்மிடம் அதைவிட நல்ல கருவி உண்டு. இரண்டுக்கும் வேற்றுமை தெரியாமல் ஐந்து நிமிடத்தை நம்பியவன் படும் பாட்டையும் சொல்லப் போகிறேன், பட்டவன் நான்தான்.

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். கல்கத்தா வந்த புதிதில் தேநீர்க் கடையில் நின்று மிடுக்காக "போச்" என்று கேட்டேன். எண்ணெயில் பொரித்து, மஞ்சள் உடையாத நம் ஆஃப்பாயில் தட்டில் வந்து விழுந்தது. கடைக்காரர் என்னை ஏமாற்றவில்லை. வங்காளத்தில் போச் என்றால் அதுதான். நீரில் வேகவைத்தது வேண்டுமானால் "வாட்டர் போச்" என்று விளக்கிச் சொல்லவேண்டும். பிரெஞ்சு மொழியில் இச்சொல்லின் வேருக்குப் பை என்று பொருள். ஓடில்லாத முட்டையை நேரே சுடுநீரில் இறக்கும்போது வெண்கரு தானே சுருண்டு மஞ்சட்கருவுக்கு ஒரு பையாகிவிடுகிறது. அந்த அழகு பற்றித்தான் அதற்கு அப்பெயர். முட்டைக்கு வெளியே நாம் ரப்பர்ப் பை ஒன்றை வாங்கி மாட்டிவிட்டால் வெண்கருவுக்கு வேலை ஏது?

சரி, சொல்லாராய்ச்சியால் யாருக்கும் வயிறு நிறையாது. நடந்ததைச் சொல்கிறேன்.

என் அறையில் உடன் தங்கியிருக்கும் தம்பி தென்காசிப் பக்கத்தவன். என்னைவிட இரண்டு வகுப்புக் கீழே படிக்கிறான். சென்ற ஆண்டு மழைக்காலத்தில் அவனுக்கு டைபாய்டு கண்டது. மூன்று வாரம் படுக்கை. காய்ச்சல் இறங்கிய பிறகு மருத்துவர், "முட்டை கொடுக்கலாம், பொரித்தது மட்டும் வேண்டாம்" என்றார். ஓட்டோடு வேகவைத்துக் கொடுத்திருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். ஆனால் பையன் தமிழ்நாட்டுச் சத்துணவில் வளர்ந்தவன். 1989இல் இரு வாரத்துக்கு ஒன்றாகத் தொடங்கிய அந்த முட்டை, 2010இல் வாரத்துக்கு ஐந்தாக உயர்ந்தது; அந்த ஐந்தையும் ஆண்டுக்கணக்காக உண்டு வளர்ந்த உடம்பு அவனுடையது. "அண்ணே, அவிச்ச முட்டையைப் பாத்தாலே குமட்டுது. வேற மாதிரி குடுங்கண்ணே" என்றான். நோயாளியின் நாக்கோடு வழக்காட முடியுமா? 350 ரூபாய் கொடுத்து நான்கு கிண்ணங்களை வரவழைத்தேன்.

பெட்டியில் சொன்னபடியே செய்தேன். எண்ணெய் தடவினேன், நீர் கொதித்தது, கிண்ணம் மிதந்தது, கடிகாரம் பார்த்து ஐந்து நிமிடம் கழித்து எடுத்தேன். கவிழ்த்துத் தட்டியதும் சிறு கோபுரம்போல் வழுக்கிக்கொண்டு வந்து தட்டில் நின்றது. எனக்கு ஒரே பெருமிதம். தம்பி கரண்டியால் வெட்டினான். வெளிப்புறம் வெந்து விறைத்திருந்தது. தட்டைத் தொட்டுக்கொண்டிருந்த அடிப்பக்கத்திலிருந்து, அதாவது கிண்ணத்தில் மேற்பக்கமாக இருந்ததிலிருந்து, வேகாத வெண்கரு கண்ணாடி போல் ஒழுகிற்று. நான் தட்டைப் பிடுங்குவதற்குள் அவன் பாதியை விழுங்கிவிட்டான். "நல்லாத்தான் இருக்குண்ணே" என்றான். அண்ணன் மனம் நோகக்கூடாது என்று சொன்ன சொல் அது என்பது அவன் முகத்திலேயே தெரிந்தது.

அன்றிரவு எனக்குத் தூக்கமில்லை. டைபாய்டுக் கிருமி சால்மொனெல்லா இனத்தைச் சேர்ந்தது. அது மனிதரிடமிருந்து மனிதருக்கு நீர் வழியாகவும் உணவு வழியாகவும் வருவது. சரியாக வேகாத முட்டையில் வரக்கூடியதும் அதே சால்மொனெல்லாதான், வேறொரு வகை. அவனைப் படுக்கையில் தள்ளிய கிருமியின் பங்காளியை நானே தட்டில் வைத்துப் பரிமாறியிருக்கக்கூடும் என்ற எண்ணம் விடியும்வரை என்னை அரித்தது. நல்ல வேளையாக ஒன்றும் நேரவில்லை. நேராமல் போனதில் எனக்கு எந்தப் பங்கும் இல்லை.

காலையில் எழுந்து கணக்குப் போட்டேன். முந்திய நாளே போட்டிருக்க வேண்டிய கணக்கு. வெப்பத்தைக் கடத்தும் திறனில் அலுமினியம் 200க்கு மேல். எவர்சில்வர் ஏறக்குறைய 15. சிலிக்கோன் வெறும் 0.2. முட்டையே ஏறக்குறைய 0.5. அதாவது ஒன்றரை மில்லிமீட்டர் கனமுள்ள சிலிக்கோன் சுவர், நான்கு மில்லிமீட்டர் முட்டை குறுக்கே நிற்பதற்குச் சமமாக வெப்பத்தைத் தடுக்கிறது. சுடுசட்டியை எடுக்கக் கைக்கு உறை செய்வதும் இதே பொருளால்தான். வெப்பத்தைத் தடுப்பதற்கென்று பெயர் பெற்ற பொருளுக்குள் முட்டையை வைத்து, ஏன் வேகவில்லை என்று கேட்பது யார் குற்றம்?

அதைவிடப் பெரிய பிழை மேற்பக்கத்தில் நேர்ந்தது. கிண்ணம் மிதக்கிறது. அடியும் பக்கமும் நீரில் இருக்கின்றன. முட்டையின் முகமோ வெறுங்காற்றில் இருக்கிறது. அங்கே வெப்பம் சேர வேண்டுமானால் பாத்திரத்தை மூடவேண்டும். மூடினால்தான் ஆவி முட்டையின்மேல் படிந்து நீராகும். அப்படி நீராகும்போது ஒரு கிராமுக்கு 540 கலோரி வெப்பத்தை முட்டைக்குக் கொடுத்துவிடும். எங்கள் அறையில் அந்தச் சட்டியின் மூடி காணாமற் போய் மாதக்கணக்காகிறது. மூடி வேண்டும் என்று பெட்டியில் எங்காவது போட்டிருக்கிறதா என்று தேடினேன். இருந்தது, கீழ் மூலையில், எறும்பளவு எழுத்தில்! ஐந்து நிமிடம் என்பது மட்டும் விரலளவு எழுத்தில் இருந்தது.

வெண்கரு ஒரே பொருளன்று. அதிலுள்ள புரதங்களுள் ஒன்று 61, 62 டிகிரியிலேயே கெட்டிப்படத் தொடங்கும். பெரும்பகுதியான ஓவால்புமினோ 80 டிகிரியைத் தாண்டவேண்டும் என்று அடம்பிடிக்கும். மஞ்சட்கரு 65இல் தடித்து 70இல் உறையும். ஆகவே வெண்கரு நன்றாக வேகவும் மஞ்சள் இளகியிருக்கவும் வேண்டுமானால் வெளியிலிருந்து வெப்பம் எல்லாப் பக்கமும் ஒருசேர, விரைவாகச் சேரவேண்டும். நேரே நீரில் இறக்கும் முட்டைக்கு அது கிடைக்கிறது. கிண்ணத்து முட்டைக்கு அடி ரப்பராகும்வரை மேற்பக்கம் காத்திருக்க வேண்டியிருக்கிறது.

அப்படியானால் எல்லாரும் நேரே நீரில் இறக்காமல் ஏன் கிண்ணத்தை நாடுகிறார்கள்? இறக்கிப் பார்த்தவர்களுக்குத் தெரியும். வெண்கரு நூல்நூலாகப் பிரிந்து சட்டி முழுவதும் பஞ்சு மிதக்கும். உடனே, "எனக்குக் கைவரவில்லை" என்று கிண்ணம் வாங்கப் போய்விடுகிறோம். பெரும்பாலும் குறை கையில் இல்லை, முட்டையின் வயதில் இருக்கிறது. நாள் ஆக ஆக ஓட்டின் நுண்துளைகள் வழியே கரியமில வாயு வெளியேறுகிறது. வெண்கருவில் காரத்தன்மை ஏறுகிறது. கெட்டியான வெண்கரு நீர்த்துப் போகிறது. கல்கத்தாக் கடைகளில் நாம் வாங்கும் முட்டைகளில் ஆந்திரத்திலிருந்து லாரியேறி வருபவை உண்டு. வந்த பிறகு கடையில் சில நாள், நம் அலமாரியில் சில நாள். அந்த முட்டையிடம் புது முட்டையின் கட்டுப்பாட்டை எதிர்பார்க்கலாமா? தண்ணீரில் போட்டுப் பாருங்கள். புதியது படுத்துக்கொள்ளும், பழையது அகன்ற முனை மேலாக நிமிர்ந்து நிற்கும், மிதப்பதைத் தூர எறிந்துவிடவேண்டும்.

படுக்கும் முட்டையாக ஒன்றை எடுத்து, தேநீர் வடிகட்டியில் உடைத்து ஊற்றுங்கள். நீர்த்த வெண்கரு ஒழுகிவிடும், கெட்டியானது தங்கும். பஞ்சாக மிதப்பதெல்லாம் அந்த நீர்த்த பகுதிதான். நீர் தளதளவென்று கொதிக்கக்கூடாது. அடியில் சிறு குமிழிகள் எழும் பக்குவத்தில் அடுப்பைத் தணித்து, ஒரு கிண்ணியிலிருந்து மெல்ல இறக்கி, நான்கு நிமிடம் கழித்து ஜல்லிக் கரண்டியால் எடுங்கள். ஒரு கரண்டி வினிகர் விட்டால் வெண்கரு விரைவாக உறையும். எனக்கு அந்தப் புளிப்பு வாடை பிடிப்பதில்லை. என் முதல் மூன்று முட்டைகள் பாழாயின. நான்காவது, பைபோலத் திரண்டு மேலே வந்தபோது நான் போட்ட கூச்சலில் அடுத்த அறைக்காரர் ஓடிவந்தார்.

இளகிய மஞ்சள் நலமாக இருப்பவருக்குச் சரி. நோயிலிருந்து தேறுகிறவனுக்கு மஞ்சளும் உறைந்தாக வேண்டும். அங்கே அவித்தலே முறை. இதை எனக்கு நினைவூட்டியவர் என் அம்மா. தொலைபேசியில் நடந்ததைச் சொன்னதும், "ஏண்டா, இட்லித் தட்டுல ஊத்தி வெச்சா ஆச்சு. இதுக்கு ஒரு ரப்பர் கிண்ணமா?" என்றார். எம்.எஸ்ஸி. வேதியியல் வாயடைத்து நின்றது. உலோகத் தட்டு, வெப்பத்தைத் தடுக்காது. மேலும் கீழும் ஆவி. மூடி தொலைந்தால் இட்லியே வேகாது என்பதால் யாரும் தொலைப்பதில்லை. மறுநாளே லேக் மார்க்கெட்டுக்குப் போனேன். கல்கத்தாவில் நம்மவருக்கு வேண்டிய பாத்திரமும் பலகாரமும் கிடைக்கும் பகுதி அதுவென்று உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. குழியில் துளையில்லாத தட்டாகப் பார்த்து எடுக்கவேண்டும். துணி விரித்து வார்க்கும் தட்டு முட்டைக்கு உதவாது. துளி எண்ணெய் தடவி, சற்று மிளகுத் தூளும் உப்பும் தூவி, ஆவி வந்த பின் ஏழு, எட்டு நிமிடம் வைத்தால் நடுவரை உறைந்துவிடுகிறது. தம்பி மறுபேச்சின்றி உண்டான். ஓட்டோடு அவித்ததும் இதுவும் ஒரே முட்டைதான். ஆனால் மிளகு அவன் நாக்கை ஏமாற்றிவிட்டது.

சிலிக்கோன்மேல் எனக்குப் பகையில்லை. சிலிக்கனும் ஆக்சிஜனும் மாறி மாறிக் கோத்த அந்தச் சங்கிலி, 200 டிகிரி வெப்பத்திலும் அசையாது நிற்கும் அருமையான பொருள். அதற்குப் பெயரிட்ட நாட்டிங்காம் பேராசிரியர் கிப்பிங், பல்லாண்டு உழைத்த பிறகும் 1930களின் பிற்பகுதியில், இத்துறையில் விரைவில் பெரிய முன்னேற்றம் வரும் என்று நம்புவதற்கில்லை என்ற கருத்தில் இருந்தார். அது முட்டைச் சட்டிவரை வந்து சேரும் என்று அவர் கனவிலும் கருதியிருக்கமாட்டார். ஒற்றை முட்டை உண்பவருக்கு, இட்லிப் பானைக்கு அறையில் இடமில்லாதவருக்கு, பழைய முட்டையே கிடைக்கும் ஊரில் இருப்பவருக்கு அந்தக் கிண்ணம் உதவும் என்பதை மறுக்கமாட்டேன். மூடிவைத்து, ஐந்து நிமிடத்தை மறந்து, மேற்பக்கம் வெளுத்துவிட்டதா என்று கண்ணால் பார்த்து எடுக்கவேண்டும். கழுவும்போது வாசனைச் சோப்பைத் தவிர்க்கவேண்டும். அந்த வாசனையைச் சிலிக்கோன் பிடித்து வைத்துக்கொண்டு மறுநாள் முட்டைக்குக் கொடுக்கும்.

என்னுடைய நான்கு கிண்ணங்களும் அலமாரியில் சும்மாதான் கிடக்கின்றன. வேண்டுவோர் வந்து எடுத்துக்கொள்ளலாம். உங்கள் சட்டிக்கு மூடி இருக்கிறதா என்று மட்டும் கேட்டுவிட்டுத்தான் தருவேன்.