குடும்பத்துக்கு ஒரு மடக்குக்கத்தி

இடம்பெயர்ந்த குடும்பமொன்றுக்கு நிவாரணமாக வந்து சேரும் பொருட்களை எண்ணிப் பார்த்தால் பாய், சட்டிபானை, நுளம்புவலை, வாளி, தறப்பாள் என்று பட்டியல் நீளும். சிலவேளை ஒரு சமையற்கத்தியும் அதிலிருக்கும். ஆனால் தறப்பாள் கட்டும் கயிற்றை வெட்டவோ, வெள்ளத்தில் நிற்கும் மாட்டின் கயிற்றை அறுத்து விடவோ ஏற்ற வேலைக்கத்தி ஒன்றைப்பற்றி யாரும் சிந்திப்பது அரிது. கத்தி என்றதும் வன்செயல்தான் பலருக்கும் நினைவுக்கு வருகின்றது. சோதனைச்சாவடிகளைக் கடந்தே வாழ்ந்து பழகிய எமது மக்கள், கத்தியைக் கையில் வைத்திருக்கவே அஞ்சிய காலமும் உண்டு. அந்த அச்சம் விளங்கிக்கொள்ளக் கூடியதே. எனினும் ஒரு விவசாயக் குடும்பத்துக்கு மண்வெட்டி எவ்வளவு அவசியமோ, நல்ல மடக்குக்கத்தியும் அவ்வளவு அவசியம் என்பதே எமது கருத்து.

எமது பிரதேசங்களில் ஆபத்து புதிய விருந்தாளி அல்ல. 1978 நவம்பர் 23இல் மட்டக்களப்பைத் தாக்கிய சூறாவளி, 2004 டிசெம்பர் 26இல் வந்த ஆழிப்பேரலை, 2008 நவம்பரில் வடக்கை வெள்ளக்காடாக்கிய நிஷா புயல், 2011 ஜனவரியில் கிழக்கின் வயல்களை மூடிய பெருவெள்ளம், 2020 டிசெம்பரில் கரைகடந்த புரேவி என்று எம் காலத்திலேயே எத்தனையோ பார்த்துவிட்டோம். இப்படியான வேளைகளில் கயிறு இருமுகம் காட்டுகின்றது. கொட்டிலைக் காப்பதும் அதுவே. முளையில் கட்டிய பசுவை நீரில் மூழ்கடிப்பதும் அதுவே. தும்புக்கயிறு நனைந்தால் ஊதும், முடிச்சு இறுகும். மாடு பயந்து இழுக்க இழுக்க நைலோன் கயிற்றின் முடிச்சு கல்லாகிவிடும். இருட்டில், நடுங்கும் விரல்களால் அதை அவிழ்க்க இயலாது. அறுக்கத்தான் வேண்டும்.

அப்படியானால் எப்படிப்பட்ட கத்தி? கடைகளில் இன்று மீட்புக்கத்தி என்ற பெயரில் பலவகை மடக்குக்கத்திகள் விற்கப்படுகின்றன. பளபளக்கும் அலகு, கறுப்புப் பிடி, கண்ணாடி உடைக்கும் முனை, ஆசனப்பட்டி அறுக்கும் கொக்கி எல்லாம் அவற்றில் உண்டு. இவை வாகன விபத்துக்களை மனதில் வைத்துச் செய்யப்பட்டவை. வாகனத்தில் தொழில் செய்பவருக்கு இவற்றால் பயன் உண்டு. ஆனால் அந்த முனையால் வாகனத்தின் பக்கக் கண்ணாடியை உடைக்கலாமேயன்றி, இரு தகடுகளுக்கிடையே மென்படலம் வைத்து ஒட்டிய முன்கண்ணாடியை உடைத்து வழியெடுக்க முடியாது. வயலையும் பட்டியையும் நம்பி வாழும் குடும்பம் இந்த மேலதிகங்களுக்காகப் பணம் கொடுப்பதைவிட அலகுக்கும் பூட்டுக்கும் கொடுப்பதே புத்தி.

முதலில் பார்க்க வேண்டியது அலகின் முனை. ஊசிபோன்ற முனை மீட்புப் பணிக்கு ஆகாது. கன்றின் கழுத்துக்கும் கயிற்றுக்கும் இடையில், அல்லது சிக்குண்ட பிள்ளையின் உடுப்புக்கும் உடம்புக்கும் இடையில் அலகை நுழைக்கும்போது கை ஒருதரம் வழுக்கினாலும் கூர்முனை சதையில் ஏறிவிடும். கடலோடிகள் நெடுங்காலமாகவே முதுகு வளைந்து இறங்கி முனை மழுங்கிய அலகைப் பயன்படுத்தி வந்தது இதனால்தான். ஆடும் படகிலே கயிறு அறுபட வேண்டும், ஆள் குத்துப்படக் கூடாது. புதிதாக வாங்க வசதியில்லாதவர்கள் கவலைப்பட வேண்டியதில்லை. வீட்டிலிருக்கும் பழைய மடக்குக்கத்தியின் முனையைத் தீட்டுக்கல்லில் தண்ணீர்விட்டுத் தேய்த்து உருட்டினால் போதும். பட்டறையில் இயந்திரச் சாணையில் பிடிப்பதானால் அடிக்கடி தண்ணீரில் தோய்க்கச் சொல்லுங்கள். உருக்கு சூடேறி நீலம்பாய்ந்தால் அந்த இடத்தில் வைரம் போய்விடும்.

இரண்டாவது, பூட்டு. விரித்த அலகு தானாக மடிந்தால் விரல் போய்விடும். வில்லின் இறுக்கத்தில் மட்டும் நிற்கும் கத்திகள் பழம் வெட்ட நல்லவை. அழுத்தி அறுக்கும் வேலைக்கு நம்பத்தகாதவை. சுவிற்சர்லாந்தில் 1897இல் காப்புரிமை பெற்ற புகழ்பெற்ற சிவப்புப் பிடிக் கத்தியின் சிறிய வகைகள் பலவற்றிலும் அலகுக்குப் பூட்டு இல்லை. பிரான்சின் ஒப்பினெல் கத்திக்கு 1955இல் திருகிப் பூட்டும் வளையம் சேர்க்கப்பட்டது. எளிமையான, உறுதியான ஏற்பாடு. ஆனால் அதன் மரப்பிடி நனைந்தால் ஊதி அலகை இறுகப் பிடித்துக்கொள்ளும். வெள்ளத்துக்கென்று வாங்கும் கத்தி வெள்ளத்தில் திறக்காவிட்டால் என்ன பயன்? ஆகவே மரம் அல்லாத பிடியும், பிடியின் முதுகில் அல்லது உட்பக்கத் தகட்டில் அமைந்த பூட்டும் உள்ளதைத் தெரிவு செய்யுங்கள்.

கடையிலேயே சோதித்துப் பாருங்கள். அலகை விரித்துப் பக்கவாட்டில் அசையுங்கள், ஆடினால் வேண்டாம். விரல்களை மடியும் வழியிலிருந்து விலக்கிக்கொண்டு, அலகின் முதுகைப் பலகையில் மெதுவாகத் தட்டுங்கள். பூட்டு விட்டால் வேண்டாம். கையை நனைத்துக்கொண்டு, ஒரு கையால் மட்டும் திறந்து பாருங்கள். ஆபத்து வேளையில் மறுகை பிள்ளையையோ மாட்டையோ பிடித்திருக்கும். வீட்டிலுள்ள பெண்களும் இதையே செய்து பார்க்க வேண்டும். அவர்களால் திறக்க முடியாத கத்தி குடும்பத்துக்கான கத்தி அல்ல. அலகு மூன்று முதல் மூன்றரை அங்குலம் இருந்தால் போதுமானது.

மூன்றாவது, அலகின் வாய். பல்வைத்த வாய் இறுகிய நைலோனையும் நனைந்த தும்பையும் விரைவாக அறுக்கும் என்பது உண்மை. ஆனால் அது மழுங்கினால் எம்மிடமுள்ள கல்லில் தீட்ட முடியாது. ஒவ்வொரு பல்லுக்கும் உருண்டை அரம் தேவை. கூர் போனால் திரும்பக் கூராக்க முடியாத கருவியை வாங்குபவன் மீண்டும் கடைக்காரனிடமே கையேந்த வேண்டும். எனவே நேர்வாய் அலகே எமக்கு உகந்தது என்கின்றோம். அதைக் கரடுமுரடான கல்லில் தீட்டி, மினுக்காமல் விட்டுவிட்டால் கண்ணுக்குத் தெரியாத சிறுபற்கள் நிற்கும். கயிற்றில் நன்றாகப் பிடிக்கும். மினுக்கிய வாய் நைலோனில் வழுக்கும்.

நாளாந்தம் பயன்படாத கத்தி ஆபத்திலும் பயன்படாது. பதியன் வெட்டவும், உரப்பை திறக்கவும், கயிறு அளந்து அறுக்கவும் அதையே எடுங்கள். அப்போதுதான் கூரும் தெரியும், கையும் பழகும். உப்புநீரோ சேறோ பட்டால் நன்னீரில் கழுவித் துடைத்து, மடியும் மூட்டில் ஒரு துளி எண்ணெய் விடுங்கள். வேலை முடிந்ததும் எல்லோரும் அறிந்த ஓரிடத்தில், சிறுபிள்ளைகளுக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள். மழைக்காலத்தில் அது அடையாள அட்டையும் காணி உறுதியும் இருக்கும் பையோடு இருக்கட்டும். பஸ்ஸிலும் கச்சேரியிலும் நீதிமன்றத்திலும் இடுப்பில் செருகிக்கொண்டு திரிவது வீண் வில்லங்கம்.

கத்தி செய்யக்கூடாத வேலைகளும் உள்ளன. பாம்பு கடித்த இடத்தைக் கீறி இரத்தம் எடுக்கும் பழக்கத்தை அடியோடு விட்டுவிட வேண்டும். அது நஞ்சை எடுக்காது. புண்ணையும் இரத்தப்போக்கையும் கூட்டும். கடிபட்ட உறுப்பை அசையாமல் வைத்து உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்வதே வழி. மண்ணும் சாணமும் பட்ட கத்தி கையை வெட்டினால், துரு இல்லாவிட்டாலும் ஏற்புவலிக் கிருமி உட்புகலாம். காயத்தைக் கழுவித் தடுப்பூசி பற்றிக் கேளுங்கள். மீளக் கிடைத்த காணியைத் துப்புரவாக்கும்போது மண்ணில் இனந்தெரியாத இரும்போ பிளாஸ்ரிக்கோ தென்பட்டால் கத்தியால் கிண்டிப் பார்க்கவே கூடாது. மிதிவெடி அகற்றும் பணி வடக்கில் இன்னும் முற்றுப்பெறவில்லை. வந்த தடத்திலேயே திரும்பி வந்து கிராம அலுவலருக்கோ பொலிசாருக்கோ அறிவியுங்கள்.

மாடு கட்டுவோருக்கு இன்னுமொரு சொல். வெள்ள எச்சரிக்கை கிடைத்ததும் கால்நடைகளை அவிழ்த்து மேட்டுநிலத்துக்கு விடுவதே முதல் வேலை. கத்தி கடைசி வழி. அறுக்க நேர்ந்தால் கழுத்திலிருந்து ஒரு சாண் விட்டு அறுங்கள். நீளக்கயிறு இழுபட்டுச் சென்றால் வேலியிலோ மரத்திலோ சிக்கி, தப்பிய மாட்டை மறுபடியும் கட்டிப்போடும்.

நிவாரணம் வழங்கும் நிறுவனங்களிடம் நாம் கேட்பதும் ஒன்றுண்டு. பொதியில் என்ன வேண்டும் என்று வாங்கப்போகும் மக்களையே கேளுங்கள். விலையுயர்ந்த மீட்புக்கருவி எவரும் கேட்கப்போவதில்லை. மழுங்கிய முனையும் உறுதியான பூட்டும் கொண்ட ஒரு மடக்குக்கத்தியும், பத்து வீட்டுக்கு ஒரு தீட்டுக்கல்லும் போதும். அதுவரை மாதர் கிராம அபிவிருத்திச் சங்கங்களும் கமக்காரர் அமைப்புகளும் சேர்ந்து மொத்தமாக வாங்கலாம். ஒரு மாலைப்பொழுதில் கூடியிருந்து பழைய கத்திகளின் முனையை உருட்டித் தீட்டிக்கொள்ளலாம். பலமுறை எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஓடிய மக்கள் நாம். அடுத்தமுறை உயிரையும், அந்த உயிரைத் தாங்கும் பசுவையும் விட்டுவிடாதிருக்க இந்தச் சிறு முன்னேற்பாட்டை வரும் மாரிக்கு முன்னரே செய்து முடிப்போம்.