அருவி மறைக்கும் லிங்கங்கள்

விருத்தாசலம் என்னும் திருப்பெயருக்குப் பழமலை என்பது பொருள். ஆயினும் அவ்வூரில் மலையைக் காண இயலாது. அது நிலத்துள் மறைந்துள்ளது என்பர் பெரியோர். அத்தலத்து அடியார்கள் குற்றாலம் சென்றால், அங்கும் அத்தகைய மறைவு ஒன்றைக் காணலாம்.

ஆனி, ஆடி மாதங்களில் தென்மேற்குப் பருவக்காற்று சாரலைக் கொணர, பேரருவி பொங்குமாகடல் என்னும் பாறைக்குழியில் விழுந்து, பெருகி வழியும். மக்கள் திரள்வதும் படம் பிடிப்பதும் அப்போதுதான். அப்படங்களில் நீர் மட்டுமே இருக்கும். ஐப்பசி, கார்த்திகையில் வெள்ளம் மிகுந்தால் நீராடத் தடை விதிப்பர்.

பங்குனி, சித்திரையிலோ அருவி நூலாய் மெலியும். சில ஆண்டுகளில் வற்றியும் போகும். வந்தவர் பலர் ஏமாந்து திரும்புவர். அவசரம் வேண்டா. நீர் விலகிய பாறையைச் சற்று நின்று நோக்கினால், அதில் செதுக்கப்பெற்ற சிவலிங்கங்கள் புலப்படும். நீர்ப்பெருக்குள்ள நாளெல்லாம் மலையே அபிஷேகம் செய்யும் மூர்த்தங்கள் அவை!

நெரிசல் குறைந்த இக்காலமே முதியோர்க்கு ஏற்றது. குற்றாலநாதரையும், சித்திரசபையில் ஓவிய வடிவில் ஆடும் கூத்தபிரானையும் அமைதியாகத் தரிசிக்கலாம். வெயிலுக்கு முன், காலையிலேயே அருவிக்கரை சேர்வது நலம்.

ஆனியில் எடுத்த படத்தையும் சித்திரையில் எடுத்த படத்தையும் அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும். முன்னதில் வெண்ணுரை பொழியும் அதே இடத்தில், பின்னதில் லிங்கங்கள் வீற்றிருக்கும்.