பாதிக் கதைக்குச் சொந்தக்காரர் யார்?

வணிகவியல் படிக்கிறவர்களுக்கு முதல் வருடத்திலேயே சொல்லித் தருகிற பாடம் ஒன்று. ஆண்டுக் கடைசியில் ஒரு தொழிற்சாலைக்குள் போய்ப் பார்த்தால் மூன்று வகைச் சரக்கு இருக்கும். மூலப்பொருள் ஒன்று, முடிந்த பொருள் ஒன்று, இரண்டுக்கும் நடுவே பாதியில் நிற்பது ஒன்று. கை தைக்காத சட்டை, கால் பூட்டாத நாற்காலி மாதிரி. இதைத்தான் 'வொர்க் இன் ப்ராக்ரஸ்' என்கிறார்கள். கடையில் வைத்தால் யாரும் வாங்க மாட்டார்கள். ஆனாலும் இருப்புநிலைக் குறிப்பில் அதற்கும் ஒரு மதிப்புப் போட்டு, சொத்துப் பக்கத்தில் எழுதியே ஆக வேண்டும். துணியும் கூலியும் ஏற்கனவே அதில் இறங்கிவிட்டதே!

கதை எழுதுகிறவர்களும் இதே சொல்லைத்தான் பயன்படுத்துகிறார்கள். பழைய நாவல்களை, அதிலும் குறிப்பாக ஜேன் ஆஸ்டின் நாவல்களை அடியொற்றிக் கதை எழுதும் கூட்டம் ஒன்று உலகம் முழுக்க இருக்கிறது. அவர்களில் பலர் கதையை முடித்துவிட்டு வெளியிடுவதில்லை. ஓர் அத்தியாயம் எழுதியதும் இணையத்தில் மற்றவர்கள் முன்னால் வைத்துவிடுகிறார்கள். படித்தவர்கள் அபிப்பிராயம் சொல்கிறார்கள், அடுத்த வாரம் அடுத்த அத்தியாயம் வருகிறது. சில கதைகள் முடிகின்றன. சில பாதியில் நின்றுவிடுகின்றன. சில முடிந்ததும் காணாமல் போய்விடுகின்றன. கேட்டால், விலைக்கு வந்துவிட்டது என்கிறார்கள்.

இதில் என்ன பெரிய பிரச்சினை என்று தோன்றலாம். பிரச்சினை இருக்கிறது. அதற்கு முன், இந்த விளையாட்டு எப்படி நடக்கிறது என்று பார்த்துவிடலாம்.

ஆஸ்டின் 1775-ல் இங்கிலாந்தில் பிறந்தவர், 1817-ல் 41 வயதில் இறந்தவர். எழுதி முடித்த நாவல்கள் ஆறு. அதில் மிகவும் பிரபலமானது 1813-ல் வெளிவந்த 'பிரைட் அண்ட் ப்ரெஜுடிஸ்'. எலிசபெத் என்கிற புத்திசாலிப் பெண், டார்சி என்கிற பணக்கார இளைஞன். அவன் முதல் தடவை கல்யாணம் பேச வரும்போது அவள் முகத்துக்கு நேராக மறுத்துவிடுகிறாள். கதையின் திருப்புமுனையே அதுதான். இப்போது ஒருத்தர் உட்கார்ந்து யோசிக்கிறார்: அவள் அன்றைக்கு மறுக்காமல் சரி என்று சொல்லியிருந்தால்? அவள் அப்பா அதற்கு முன்பே இறந்துபோயிருந்தால்? அவ்வளவுதான், புதுக்கதை தொடங்கிவிட்டது.

அடுத்தவர் பாத்திரத்தை எடுத்து எழுதுவது திருட்டில்லையா என்று சிலர் கேட்பார்கள். சட்டப்படி இல்லை. இந்தியாவில் எழுத்தாளர் இறந்து 60 ஆண்டுகள் கழிந்தால் காப்புரிமை போய்விடும். ஆஸ்டின் இறந்து 200 ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது. அவருடைய 'சென்ஸ் அண்ட் சென்சிபிலிட்டி'தான் 2000-ல் நம் ஊரில் 'கண்டுகொண்டேன் கண்டுகொண்டேன்' ஆனது. அதைப் பார்த்துவிட்டு யாரும் திருட்டு என்று சொல்லவில்லை. எனவே அந்தக் கேள்வியை விட்டுவிடலாம்.

இன்னொரு குற்றச்சாட்டுதான் கனமானது. "முடிக்காத கதையை ஏன் ஊருக்குக் காட்ட வேண்டும்? அரைவேக்காட்டுச் சோற்றையா இலையில் போடுவது?" என்பது. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் இது சரியான வாதம் இல்லை.

ஏன் என்பதற்கு ஆஸ்டின் வீட்டிலேயே பதில் இருக்கிறது. 1814-ல் அவருடைய அண்ணன் மகள் அன்னா ஒரு நாவல் எழுதிக்கொண்டிருந்தாள். எழுதிய பகுதிகளை அவ்வப்போது அத்தைக்கு அனுப்புவாள். அத்தை அதை வீட்டில் வாசித்துக் காட்டுவார், பிறகு கடிதத்தில் அபிப்பிராயம் எழுதுவார். அந்தக் கடிதங்கள் இன்றைக்கும் இருக்கின்றன. அத்தை என்ன சொல்கிறார் பாருங்கள். டாலிஷ் என்ற ஊரிலிருந்து பாத் நகரம் கிட்டத்தட்ட 100 மைல், போய்ச்சேர இரண்டு நாளாவது ஆகும் என்று திருத்துகிறார். கை முறிந்த ஒரு பெரிய மனிதர் மறுநாளே லாயத்துக்கு நடந்து போவதாக அன்னா எழுதியிருந்தாள். அத்தை அதை அடித்துவிட்டார். வேடிக்கை என்னவென்றால், அன்னாவின் அப்பாவே நிஜத்தில் கையைக் கட்டிய கையோடு அப்படி எழுந்து வெளியே போனவர்தான். நிஜமாகவே நடந்திருந்தாலும் புத்தகத்தில் படித்தால் நம்பும்படி இருக்காது என்பது அத்தையின் கட்சி. பாத்திரங்கள் அயர்லாந்து போகட்டும், ஆனால் நீ கூடவே போகாதே, அந்த ஊர்ப் பழக்கவழக்கம் உனக்குத் தெரியாது என்றும் ஒரு புத்திமதி உண்டு. பாராட்டும் நிறைய இருக்கிறது.

இன்றைக்கு முகம் தெரியாத வாசகர்கள் செய்வதும் இதுதான். "மூத்த பெண்ணைத்தான் வெறுமனே 'மிஸ் பென்னட்' என்று கூப்பிடுவார்கள், இரண்டாவது பெண் 'மிஸ் எலிசபெத்' ஆக வேண்டும்" என்று ஒருவர் சொல்வார். "லிடியாவுக்குப் பதினாறு வயது. 1753-ம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு, 21 வயதுக்குக் கீழ் இருப்பவர் இங்கிலாந்தில் அப்பா சம்மதமில்லாமல் லைசென்ஸ் வாங்கிக் கல்யாணம் செய்துகொள்ள முடியாது. அதனால்தான் ஓடிப்போகிற ஜோடிகள் ஸ்காட்லாந்து எல்லைக்குப் போனார்கள். உங்கள் கதையில் எப்படி லண்டனிலேயே ரகசியமாக முடிந்தது?" என்று இன்னொருவர் மடக்குவார். எழுதியவர் தலையைச் சொறிந்துகொண்டு போய் அத்தியாயத்தை மாற்றி எழுதுவார். முடிந்த புத்தகத்தில் இந்தத் தவறைக் கண்டுபிடித்து யாருக்கு என்ன லாபம்? பாதியில் கண்டுபிடித்தால்தான் திருத்தலாம்.

ஆஸ்டினே தன் எழுத்தில் கடைசி நேரத்தில் கைவைத்தவர்தான். 'பெர்சுவேஷன்' நாவலை 1816 ஜூலையில் முடித்துவிட்டார். முடிவு பிடிக்கவில்லை. ஆகஸ்டில் உட்கார்ந்து கடைசிப் பகுதியை மாற்றி எழுதினார். ஒதுக்கிவைத்த அத்தியாயங்களின் கையெழுத்துப் பிரதி இப்போது பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கிறது. இரண்டையும் படித்தவர்கள் சந்தேகமே இல்லாமல் இரண்டாவதுதான் சிறந்தது என்பார்கள். நாயகன் நாயகிக்குக் கடிதம் எழுதும் புகழ்பெற்ற காட்சி முதலில் எழுதியதில் கிடையாது! பாதியில் இருப்பதை மாற்ற மனம் இருந்ததால் கிடைத்த காட்சி அது.

விமர்சனத்தைக் கண்டும் அவர் பயந்தவர் இல்லை. 1814-ல் 'மேன்ஸ்ஃபீல்டு பார்க்' வந்ததும் சொந்தக்காரர்களும் தெரிந்தவர்களும் சொன்னதையெல்லாம் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டார். அதில் பெற்ற தாயின் அபிப்பிராயமும் உண்டு. முந்தைய நாவல் அளவுக்கு இது பிடிக்கவில்லை, நாயகி சப்பென்று இருக்கிறாள் என்பது அம்மாவின் தீர்ப்பு. அதையும் மறைக்காமல் எழுதி வைத்தார். இதைவிடப் பெரிய மனசு வேண்டுமா?

ஆக, முடிக்காததைக் காட்டுவது தவறில்லை. அது நல்ல பழக்கம் என்றே சொல்ல வேண்டும். தவறு வேறு இடத்தில் இருக்கிறது.

ஒரு கதை முப்பது வாரம் ஓடுகிறது என்று வையுங்கள். வாராவாரம் பத்துப் பேர் படித்து, பிழை சொல்லி, சந்தேகம் கேட்டு, எழுதியவர் சோர்ந்தபோது தட்டிக்கொடுத்து, முடிவு வரை கொண்டுவந்து சேர்க்கிறார்கள். முடிந்த மறுமாதம் கதையைக் காணோம். அமேசான் கிண்டிலில் விலைக்கு வந்திருக்கிறது. அங்கே 'கேடிபி செலக்ட்' என்று ஒரு திட்டம். அதில் சேர்ந்தால் மாதச் சந்தா கட்டுகிற வாசகர்களுக்கும் புத்தகம் போய்ச்சேரும், படிக்கும் பக்கத்துக்கு ஏற்ப எழுத்தாளருக்குக் காசு வரும். ஆனால் நிபந்தனை உண்டு. 90 நாள் கொண்ட ஒவ்வொரு தவணையிலும் அந்த மின்னூல் வேறெங்கும் கிடைக்கக் கூடாது. ஆகவே இலவசமாக இருந்ததை எடுத்துவிட வேண்டியதுதான். கதையோடு சேர்ந்து, அதன் கீழே அந்தப் பத்துப் பேர் எழுதியதும் போய்விடுகிறது.

வேறு கூட்டங்களிலும் இது நடந்ததுதான். 'ட்வைலைட்' ரசிகர் கதையாகத் தொடங்கியதுதான், பெயர்கள் மாற்றப்பட்டு 2011-ல் 'ஃபிஃப்டி ஷேட்ஸ் ஆஃப் கிரே' என்று விலைக்கு வந்தது. ஆஸ்டின் கதைகளுக்குப் பெயர் மாற்றுகிற சிரமம்கூட இல்லை. டார்சி டார்சியாகவே விற்கலாம்.

விற்பது தப்பா? இல்லவே இல்லை. இரவு கண்விழித்து எழுதியவருக்குக் காசு வரட்டும். அபிப்பிராயம் சொன்ன பத்துப் பேரும் பங்குதாரர்கள் ஆகிவிட மாட்டார்கள். கூட்டாண்மை என்றால் லாபத்தைப் பகிர்வதற்கு ஓர் ஒப்பந்தம் வேண்டும் என்பது இரண்டாம் வருடப் பையனுக்கும் தெரியும். இங்கே ஒப்பந்தமே கிடையாது. கதை எழுதியவருடையதுதான்.

ஆனால் சட்டத்தில் கடன் இல்லை என்பதால் கடனே இல்லை என்றாகிவிடுமா? அந்தப் பாதிக் கதையில் மற்றவர்களின் உழைப்பும் இறங்கியிருக்கிறது. கூலி கேட்காமல் கொடுத்தார்கள். கூலி கேட்காதவருக்குக் கணக்குப் புத்தகத்தில் இடம் இல்லை. அதனாலேயே அவரை மறந்துவிடுவது சுலபம். பலருக்கு வருத்தம் காசு பற்றி இல்லை. ஒரு வார்த்தை சொல்லாமல் எடுத்துவிட்டார்களே என்பதுதான் வருத்தம்.

பாதியில் நின்றுபோகும் கதைகளின் விஷயமும் இதேதான். ஆஸ்டின் 1817 ஜனவரியில் தொடங்கிய 'சாண்டிட்டன்' மார்ச்சில் பன்னிரண்டாவது அத்தியாயத்தோடு நின்றது. உடம்பு முடியவில்லை, ஜூலையில் போய்விட்டார். அதைக் குறை சொல்ல யாருக்கும் வாய் வராது. அதேபோல இன்றைக்கும் நின்றுபோன ஒவ்வொரு கதைக்குப் பின்னாலும் ஒரு பரீட்சையோ, பிரசவமோ, வேலை பறிபோனதோ இருக்கலாம். "அடுத்தது எப்போ?" என்று நச்சரிக்கும் வாசகர் இதை நினைத்துப்பார்க்க வேண்டும். இலவசமாகப் படிக்கிறவர் கெடு விதிக்க முடியாது. ஆனால் "இனி தொடர முடியவில்லை, மன்னியுங்கள்" என்று ஒரு வரி எழுத எவ்வளவு நேரம் ஆகும்? காத்திருக்கிறவனுக்குத்தான் அந்த ஒரு வரியின் அருமை தெரியும்.

தமிழ் வாசகர்களுக்கு இது புரியாத விஷயம் இல்லை. 1950 முதல் 1954 வரை 'பொன்னியின் செல்வன்' வாராவாரம் வந்தது. கதை முடிந்த பிறகும் அவர் என்ன ஆனார், இவர் என்ன ஆனார் என்று வாசகர்கள் விடாமல் கேட்டார்கள். கல்கி தனியாக முடிவுரை எழுதிப் பதில் சொன்னார். அது அவர் எழுதியே தீர வேண்டியது இல்லை. மூன்றரை வருடம் கூட வந்தவர்களுக்குச் செய்த மரியாதை.

அந்த மரியாதையைத்தான் இங்கேயும் கேட்க வேண்டியிருக்கிறது. பெரிய சட்டதிட்டம் எதுவும் வேண்டாம். பிற்பாடு விலைக்குப் போகலாம் என்ற எண்ணம் இருந்தால் முதல் அத்தியாயத்திலேயே சொல்லிவிடலாம். தெரிந்து உதவுகிறவர் பிறகு வருத்தப்பட மாட்டார். எடுப்பதற்கு முன் ஒரு மாதம் அவகாசம் கொடுக்கலாம். அச்சில் வரும்போது நன்றிப் பக்கத்தில் அவர்கள் பெயரைப் போடலாம், சொந்தப் பெயர் வேண்டாம் என்றால் புனைபெயரையாவது. வாசகர்களும் ஒன்று செய்யலாம். "சூப்பர், அடுத்தது சீக்கிரம்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போகாமல், கை முறிந்தவர் எப்படி லாயத்துக்கு நடந்தார் என்று கேட்கலாம். அன்னாவுக்கு அத்தை செய்தது அதைத்தான்.

அந்த அன்னாவின் நாவல் என்ன ஆயிற்று? கடைசிவரை முடியவே இல்லை. அத்தை இறந்த பிறகு அதை எடுத்தால் அவர் நினைப்புத்தான் வந்திருக்கிறது. பல வருடங்கள் கழித்து ஒருநாள் அடுப்புத் தீயில் போட்டுவிட்டாள். அவளுடைய மகள் சிறுபெண்ணாக அருகில் உட்கார்ந்து அது எரிவதைப் பார்த்திருக்கிறாள்.

கதை சாம்பலாகிவிட்டது. ஆனால் அத்தையின் கடிதங்களை அன்னா எரிக்கவில்லை. ஆஸ்டின் நாவல் எழுதுவதைப் பற்றி என்ன நினைத்தார் என்று தெரிந்துகொள்ள விரும்புகிறவர்கள் இன்றைக்கும் முதலில் தேடிப்போவது அந்தக் கடிதங்களைத்தான். ஒரு பாதிக் கதைக்காகப் படித்தவர் சொன்னது, அந்தக் கதையையே தாண்டி இருநூறு வருடம் நின்றிருக்கிறது. அடுத்த முறை ஒரு கதையை எடுத்துவிட்டு விலைக்குப் போகிறவர், அதன் கீழே இருக்கும் நாலு வரிகளை ஒரு பிரதி எடுத்தாவது வைத்துக்கொள்ளட்டும்.