பொலிஸ் புத்தகமும் தமிழன் கையொப்பமும்

வெல்லாவெளிப் பகுதிக் கமக்காரர் ஒருவருடைய பசுக்கள் பட்டியிலிருந்து களவுபோயின என்று வைத்துக்கொள்வோம். அவர் பொலிஸ் நிலையஞ் செல்கின்றார். மாட்டின் நிறம், சுட்ட குறி, கடைசியாக மேய்ந்த வட்டை யாவற்றையும் தமிழிற் சொல்லுகின்றார். எழுதும் அதிகாரியோ தமிழறியாதவர். தகவற் புத்தகத்திற் சிங்களத்தில் ஏதோ எழுதப்படுகின்றது. ஒப்பமிடச் சொல்கின்றனர், இடுகின்றார். எதன்கீழ் இட்டார் என்பது அவருக்குந் தெரியாது. துணைக்கு வந்த மைத்துனருக்குந் தெரியாது.

மாதங்கள் கழிந்து வழக்கு நீதவான் முன் வரும். குறி வலது தொடையிலென்று கமக்காரர் சாட்சியமளிப்பார். புத்தகத்தில் இடது தொடை என்றிருக்கும். எதிர்த்தரப்புச் சட்டத்தரணி அதனைத் தூக்கிக் காட்டுவார். பொய்யன் என்ற பெயர் மாட்டைக் கவர்ந்தவனுக்கன்று, இழந்தவனுக்கே கிடைக்கும். பேனை பிடித்தவர் பிழைக்கு ஏர் பிடித்தவர் தண்டமிறுப்பது எந்த ஊர் நியாயம்?

சட்டம் இதற்கு இடங்கொடுக்கவில்லை என்பதே வேடிக்கை. 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடபடிமுறைச் சட்டக்கோவையின் 109ஆம் பிரிவு, வாய்மொழித் தகவல் சொன்னவரின் மொழியிலேயே எழுதப்பட்டு அவருக்கு வாசித்துக் காட்டப்பட வேண்டும் என்கின்றது. அது இயலாதாயின் அவரையே எழுதித் தருமாறு கேட்க வேண்டும். அதுவும் இயலாதபோதுதான், காரணத்தைப் பதிந்துவிட்டு, வேறொரு தேசிய மொழியில் எழுதலாம். அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரையோ, 1988இல் வந்த 16ஆவது திருத்தத்தின்படி, வடக்குக் கிழக்கு மாகாணங்களிற் பொதுப் பதிவேடுகளுக்குரிய மொழி தமிழ் என்றே விதிக்கின்றது. 1961இல் மட்டக்களப்புக் கச்சேரி வாசலிற் சத்தியாக்கிரகிகள் அமர்ந்து கேட்ட மொழியுரிமை ஏட்டில் ஏறிவிட்டது. பொலிஸ் மேசைக்குத்தான் இன்னும் இறங்கவில்லை!

தமிழறிந்த பொலிசார் போதாது என்பர். விதைக்காதவன் விளைச்சலில்லையென்று அழுவதா? 1987இன் 13ஆவது திருத்தம் மாகாணப் பொலிஸ் பிரிவுக்கு வழிசெய்தது. அதனைக் கிடப்பிற் போட்டவர்கள் ஆட்பற்றாக்குறை பேசலாகாது.

மேற்பார்வைக்கென 2001இன் 17ஆவது திருத்தம் தேசிய பொலிஸ் ஆணைக்குழுவைத் தந்தது. 2010இல் அதன் பல் பிடுங்கப்பட்டது. 2015இல் மீண்டும் முளைத்தது. 2020இலும் 2022இலும் நியமன முறை மாறியது. இத்தனை ஆட்டத்திலும் படுவான்கரையாரின் கருத்தை எவர் கேட்டார்? பொலிஸ் பதிவுகளுக்கும் பொதுமக்கள் முறைப்பாடுகளுக்கும் விதி வகுப்போர், நகலைத் தமிழில் வெளியிட்டு, போரதீவுப்பற்றுப் பிரதேச செயலகத்தில் வைத்து, கமக்காரர் அமைப்புகளின் சொல்லைக் கேட்டபின்பே வர்த்தமானியில் இடவேண்டும். கொழும்பில் நாலு கனவான்கள் கூடிப் பேசுவது கலந்தாலோசனையாகாது.

அவ்விதிகளில் நாம் வேண்டுவன அதிகமில்லை. முறைப்பாட்டின் பிரதி அன்றே, கட்டணமின்றி, முறையிட்டவர் கைக்கு வரவேண்டும். தமிழிற் சொன்னதை வேறு மொழியில் எழுதிய பதிவுகள் எத்தனை, ஒவ்வொன்றுக்கும் எழுதிய காரணம் யாது என்பதை நிலையப் பொறுப்பதிகாரி மாதந்தோறும் ஆணைக்குழுவுக்கு அறிவிக்க வேண்டும். காரணம் எழுதாத அதிகாரி ஒழுக்காற்று விசாரணைக்கு உட்பட வேண்டும். மூன்றாவதே உயிர், அதில்லையேல் முன்னிரண்டும் வெறுங் காகிதம்.

இதனைக் கமக்காரர் அமைப்புகள் தீர்மானமாக நிறைவேற்றி, பதிவுத் தபாலில், தமிழிலேயே ஆணைக்குழுவுக்கு அனுப்புக. ஊரிலுள்ள ஆசிரியரும் சட்டத்தரணியும் எழுதிக் கொடுக்கக் கடமைப்பட்டவர்கள். அதுவரை, வாசித்துக் காட்டாத எதன்கீழும் எவரும் ஒப்பமிடற்க.