அளவைச் சொல்லிச் சமையுங்கள்
தொலைக்காட்சிச் சமையல் நிகழ்ச்சிகள் பற்றி எங்கள் நிலைப்பாடு

நாங்கள் பெண்ணாடத்திலும் சுற்று ஊர்களிலும் இயங்கும் நுகர்வோர் குழுவினர். மகளிர் சுயஉதவிக் குழுப் பெண்கள், அங்கன்வாடிப் பணியாளர்கள், ஆசிரியர்கள், ஓய்வுபெற்ற செவிலியர்கள், கரும்பு விவசாயிகள் எனப் பலரும் எங்களில் உண்டு. மக்களின் உடல்நலத்துக்குத் தொலைக்காட்சிச் சமையல் நிகழ்ச்சிகள் பொறுப்பேற்க வேண்டுமா என்ற கேள்வி எங்கள் கூட்டங்களில் அடிக்கடி எழுந்தது. பேசித் தெளிந்த முடிவை இங்கே பொதுவில் வைக்கிறோம்.

எங்கள் நிலைப்பாடு

பொறுப்பேற்க வேண்டும். திரையில் சமைக்கப்படும் ஒவ்வொரு பதார்த்தத்திலும் உப்பு, எண்ணெய், சர்க்கரை எவ்வளவு சேர்கிறது, அது எத்தனை பேருக்கான சமையல் என்பதை நிகழ்ச்சியிலேயே சொல்ல வேண்டும். தினமும் சாப்பிடக்கூடியது எது, விசேஷ நாளுக்கு மட்டும் உரியது எது என்பதையும் பார்ப்பவருக்குத் தெரிவிக்க வேண்டும். எந்தப் பலகாரத்தையும் தடை செய்யும்படி நாங்கள் கேட்கவில்லை. பிரியாணியும் ஜாங்கிரியும் திரையில் வரட்டும். அளவோடு வரட்டும்.

தொலைக்காட்சியிடம் ஏன் கேட்கிறோம்?

அம்மாவிடமும் மாமியாரிடமும் கற்ற சமையலோடு திரையில் கற்ற சமையலும் இன்று எல்லா வீட்டிலும் கலந்திருக்கிறது. ஜேக்கப், தாமு, ரேவதி சண்முகம், வெங்கடேஷ் பட் ஆகிய சமையற்கலைஞர்களைப் பற்றி நம் வீட்டுப் பெண்கள் சொந்தக்காரர்களைப் போலப் பேசுகிறார்கள். 2019 நவம்பரில் தொடங்கிய ‘குக்கு வித் கோமாளி’யும், 2021-இல் விஜய் சேதுபதி தொகுத்து வழங்கிய ‘மாஸ்டர்செஃப் தமிழ்’ நிகழ்ச்சியும் சமையற்கட்டுப் பக்கமே போகாத இளைஞர்களையும் சமையலைப் பற்றிப் பேச வைத்தன. ஆண்பிள்ளைகளும் கரண்டி பிடிப்பது இயல்பு என்று காட்டியதற்காக அந்த நிகழ்ச்சிகளைப் பாராட்டுகிறோம்.

ஒலிபரப்பு நம் மக்களின் பழக்கத்தை மாற்றும் என்பதற்கு நம் மண்ணிலேயே சான்று இருக்கிறது. 1960-களில் திருச்சி வானொலியின் பண்ணை நிகழ்ச்சிகள் ஏ.டி.டி. 27 என்ற புது நெல் ரகத்தைத் தஞ்சை விவசாயிகளிடம் எடுத்துச் சென்றன. விதையளவு, உர அளவு, நாள் கணக்கு எல்லாம் வானொலியில் தெளிவாகச் சொல்லப்பட்டன. மக்கள் அந்த நெல்லுக்கு ‘ரேடியோ நெல்’ என்றே பெயர் வைத்தார்கள். வயலுக்குச் சொல்ல முடிந்ததை அடுப்புக்கும் சொல்ல முடியும்.

நோயின் கணக்கு

2023-இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு, நாட்டில் சுமார் 10 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாகக் கணித்தது. தமிழ்நாட்டில் அது 14.4 விழுக்காடு. தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுவரையான பெண்களில் உடல் எடை கூடியவர்கள் 2015-16-இல் 30.9 விழுக்காடு, 2019-21-இல் 40.4 விழுக்காடு. அதே கணக்கெடுப்பில் அதே வயதுப் பெண்களில் 53.4 விழுக்காட்டினருக்கு ரத்தசோகை. எடை கூடுகிறது, ரத்தம் போதவில்லை. வயிறு நிறைந்தும் சத்து சேராத சாப்பாடு நம் தட்டில் இருக்கிறது என்பதே இதன் பொருள்.

திரையில் விடுபடும் அளவு

பல நிகழ்ச்சிகளில் மசாலாவுக்கு ஸ்பூன் கணக்கு உண்டு. உப்புக்கும் எண்ணெய்க்கும் ‘தேவையான அளவு’ என்பதோடு சரி. உடலுக்குத் தேவையான அளவு எவ்வளவு என்பது வரையறுக்கப்பட்டே இருக்கிறது. ஒருவருக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்கும் குறைவான உப்பு போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஊறுகாய், அப்பளம், கருவாடு, பாக்கெட் தின்பண்டம் ஆகியவற்றில் உள்ள உப்பும் இதில் அடங்கும். 2,000 கலோரி சாப்பிடும் ஒருவருக்குச் சேர்க்கப்படும் சர்க்கரை 50 கிராமைத் தாண்டக் கூடாது. 25 கிராமுக்குள் இருந்தால் இன்னும் நல்லது.

ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் அதே 2,000 கலோரிக்கு வகுத்த தட்டில் எண்ணெய் 27 கிராம், காய்கறி 400 கிராம், பருப்பு வகை 85 கிராம். நான்கு பெரியவர்கள் உள்ள வீட்டுக்கு மாதம் சுமார் மூன்றரை லிட்டர் எண்ணெய் என்று இது கணக்காகிறது. மாத மளிகைச் சீட்டை எடுத்து ஒவ்வொருவரும் இதை ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

பிற நாடுகள் காட்டியவை

2012-இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் ஓர் ஆய்வு வந்தது. தொலைக்காட்சிச் சமையற்கலைஞர்களின் ஐந்து புத்தகங்களிலிருந்து 100 செய்முறைகளையும், பல்பொருள் அங்காடிகளில் விற்கும் 100 ஆயத்த உணவுகளையும் ஆய்வாளர்கள் ஒப்பிட்டார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் வரையறைகள் அனைத்துக்கும் உட்பட்டது எதுவுமே இல்லை. ஆயத்த உணவுகளைவிடக் கலைஞர்களின் செய்முறைகளில் கொழுப்பு கூடுதலாகவும் நார்ச்சத்து குறைவாகவும் இருந்தன. வீட்டில் சமைத்தது என்பதாலேயே ஒரு சாப்பாடு நல்லதாகிவிடாது.

நல்வழிக்கும் சான்று உண்டு. நெதர்லாந்தில் 10 முதல் 12 வயதுக் குழந்தைகள் 125 பேரிடம் நடந்த ஆய்வு 2020-இல் வெளியானது. பத்து நிமிடம் ஆரோக்கியச் சமையல் நிகழ்ச்சி பார்த்த பிள்ளைகள் நல்ல சிற்றுண்டியைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு, ஆரோக்கியமற்ற உணவைக் காட்டும் நிகழ்ச்சி பார்த்த பிள்ளைகளைப் போல 2.7 மடங்காக இருந்தது. பிரிட்டனில் 2005-இல் சமையற்கலைஞர் ஜேமி ஆலிவர் பள்ளிச் சாப்பாட்டைப் பற்றி நடத்திய தொடர், அந்நாட்டு அரசைப் பள்ளி உணவுக்கு 28 கோடி பவுண்டு ஒதுக்க வைத்தது.

மறுப்புகளுக்கு எங்கள் பதில்

“சமையல் நிகழ்ச்சி பொழுதுபோக்கு, அதில் வைத்தியம் பேச முடியுமா?” என்பார்கள். வைத்தியம் பேச வேண்டாம். “நாலு பேருக்கு ரெண்டு ஸ்பூன் எண்ணெய்” என்று சொல்ல சில நொடி போதும். சிரிப்பும் போட்டியும் அப்படியே இருக்கும்.

“அளந்தால் கைமணம் போய்விடும்” என்பார்கள். முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15-இல் மதுரையில் தொடங்கியது. அத்திட்டத்தில் பள்ளிகளில் பொங்கலையும் கிச்சடியையும் சாம்பாரையும் சுயஉதவிக் குழுப் பெண்கள் சமைக்கிறார்கள். பிள்ளைக்கு இவ்வளவு என்று அளந்துதான் சமைக்கிறார்கள். பிள்ளைகள் விரும்பித்தான் சாப்பிடுகிறார்கள்.

“நல்ல சாப்பாடு வசதியானவர்களுக்குத்தான்” என்ற மறுப்பை நாங்கள் மதிக்கிறோம். ஆலிவ் எண்ணெயும் அவகாடோவும் காட்டி ஆரோக்கியம் பேசினால் எங்கள் ஊருக்கு அது எட்டாது. ஆனால் கொல்லையில் முருங்கை நிற்கிறது. விருத்தாசலம், திட்டக்குடி மானாவாரி நிலங்களில் மல்லாட்டையும் (நிலக்கடலை) கம்பும் வரகும் விளைகின்றன. முருங்கைக்கீரைப் பொரியலோடு எலுமிச்சை பிழிந்தால் இரும்புச்சத்து உடம்பில் நன்றாகச் சேரும், சாப்பிட்ட கையோடு காபி, டீ குடித்தால் அது சேர்வது குறையும் என்பதை ஒரு பிரபல சமையற்கலைஞர் திரையில் சொன்னால், நாங்கள் பத்துக் கூட்டம் போட்டுச் சொல்வதைவிடக் கூடுதலான வீடுகளுக்குப் போகும்.

கரும்பு பயிரிடுகிறவர்களும் சேர்ந்தே இந்த அறிக்கையில் சர்க்கரையைக் குறைக்கச் சொல்கிறோம். எங்கள் வருமானத்தைவிட எங்கள் பிள்ளைகளின் உடம்பு பெரிது.

எங்கள் கோரிக்கைகள்

1. ஒவ்வொரு செய்முறையின் முடிவிலும் உப்பு, எண்ணெய், சர்க்கரையின் அளவும் எத்தனை பேருக்கு என்ற கணக்கும் தமிழில், படிக்கக்கூடிய எழுத்தில், திரையில் வர வேண்டும்.

2. போட்டி நிகழ்ச்சிகளில் சுவை, அலங்காரம், நேர்த்தி ஆகியவற்றோடு சத்துக்கும் மதிப்பெண் தர வேண்டும். நடுவர் குழுவில் ஊட்டச்சத்து வல்லுநர் ஒருவர் இடம்பெற வேண்டும்.

3. விளம்பரதாரரின் எண்ணெய், மசாலா, பானம் ஆகியவற்றைக் கலைஞர் புகழும்போது அது விளம்பரம் என்று அந்த இடத்திலேயே சொல்ல வேண்டும். மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022-இல் வெளியிட்ட விளம்பர வழிகாட்டுதல்களை நிகழ்ச்சிகள் நேர்மையாகக் கடைப்பிடிக்க வேண்டும்.

4. பொரித்த எண்ணெயைத் திரும்பத் திரும்பச் சூடாக்கக் கூடாது என்பதைப் எண்ணெயில் பொரிப்பதைக் காட்டும்போதெல்லாம் நினைவூட்ட வேண்டும்.

5. பொதுமக்கள் பணத்தில் நடக்கும் டிடி தமிழ் முன்மாதிரியாக, மாவட்டந்தோறும் விளையும் பொருள்களை வைத்துக் குறைந்த செலவுச் சமையல் தொடர் ஒன்றை நடத்த வேண்டும்.

இவற்றுக்குப் புதுச் சட்டம் தேவையில்லை. தொலைக்காட்சிகள் தாமாக முன்வந்தால் போதும்.

நாங்கள் செய்யப்போவது

கேட்பதோடு நிற்க மாட்டோம். பக்கத்திலிருக்கும் விருத்தாசலத்தின் பீங்கான் தொழிலாளர்களிடம் சொல்லி, நான்கு பேர் குடும்பத்துக்கு ஒரு நாளைய உச்ச அளவான 20 கிராம் உப்பு மட்டும் பிடிக்கும் சிறு கிண்ணங்களைச் செய்து சுயஉதவிக் குழு வீடுகளுக்குத் தருவோம். காலையில் கிண்ணத்தை நிரப்பி, அன்றைய சமையல் முழுவதற்கும் அதிலிருந்தே எடுக்கவும், ஊறுகாய், அப்பளம் போன்றவற்றின் உப்புக்கு ஈடாகக் கொஞ்சம் மிச்சம் வைக்கவும் சொல்வோம். கலைஞர்கள் பெண்ணாடம் வந்தால் எங்கள் பெண்களோடு சேர்ந்து அதே கிண்ணத்தை வைத்துச் சமைக்க அழைப்போம்.

சமையற்கலைஞர்களே, உங்களை எங்கள் மக்கள் நம்புகிறார்கள். நீங்கள் ஒரு ஸ்பூன் என்றால் ஒரு ஸ்பூன்தான் போடுவார்கள். அடுத்த நிகழ்ச்சியிலேயே அந்த அளவைச் சொல்லத் தொடங்குங்கள். பார்க்கிறவர்களே, அளவு சொல்லாத நிகழ்ச்சிக்கு ஓர் அஞ்சலட்டை எழுதிக் கேளுங்கள்.