நோயும் வறுமையும் கைகோக்கும்போது



2020 ஆம் ஆண்டின் ரமளான் மாதத்தை நம்மால் எளிதில் மறக்க இயலாது. பள்ளிவாசல்கள் அடைபட்டிருக்க, தராவீஹ் தொழுகையை நாம் இல்லங்களிலேயே நிறைவேற்றிய மாதம் அது. அம்மாதத்தில்தான் திண்டிவனமும் விழுப்புரமும் அடங்கிய நம் மாவட்டத்தில் கொரோனா பெருகியது.

அது வந்த வழி கோயம்பேடு. சென்னையின் அந்தப் பெரும் காய்கறி அங்காடியில் மூட்டை தூக்கியவர்கள், வண்டி ஓட்டியவர்கள், சில்லறை வியாபாரிகள் எனப் பலரும் தொற்றுக்கு ஆளாயினர். மே 5 ஆம் நாள் அங்காடி மூடப்பட்டது. பிழைப்பை இழந்த கூலியாட்கள் சொந்த ஊர்களுக்குத் திரும்பினர். விழுப்புரம், கடலூர், அரியலூர் மாவட்டங்களில் நோயாளிகளின் எண்ணிக்கை மளமளவென உயர்ந்தது.

அவர்கள் மீது பழி சொல்வது எளிது. ஆனால் எண்ணிப் பாருங்கள்! 'வீட்டிலேயே இருங்கள்' என்று அரசு அறிவித்தபோது, மாதச் சம்பளக்காரரால் இருக்க முடிந்தது. மூட்டை தூக்குபவர் வீட்டில் இருந்தபடி எந்த மூட்டையைத் தூக்குவார்? அன்றைய கூலியில்தானே அன்றைய அடுப்பு எரிய வேண்டும்? மும்பையில் 2020 ஜூலையில் நடந்த இரத்தப் பரிசோதனை ஆய்வு இதனை எண்ணிக்கையில் காட்டியது. ஆய்வு நடந்த மூன்று வட்டங்களின் குடிசைப் பகுதிகளில் 100 பேரில் ஏறத்தாழ 57 பேருக்குத் தொற்று வந்து போயிருந்தது. அதே வட்டங்களின் பிற பகுதிகளில் அது 16 பேர் மட்டுமே! ஒரே அறையில் ஒரு குடும்பமும், பல குடும்பங்களுக்குப் பொதுவான கழிப்பறையும் இருக்குமிடத்தில் விலகியிருப்பது எங்ஙனம்?

தொற்று பலருக்கும் வந்தது. ஆயினும், மருத்துவமனைப் படுக்கை வரை சென்றவர்கள் யார்? உயிரிழந்தவர்கள் யார்?

தமிழகத்திலும் ஆந்திரத்திலும் முதல் அலையின்போது திரட்டிய விவரங்களைக் கொண்டு ஓர் ஆய்வு 2020 இல் 'சயின்ஸ்' இதழில் வெளிவந்தது. இறந்தவர்களில் ஏறத்தாழ 63 சதவீதத்தினருக்கு ஏற்கெனவே ஏதேனும் ஒரு நாட்பட்ட நோய் இருந்தது. 45 சதவீதத்தினர் நீரிழிவு நோயாளிகள்.

காரணம் என்ன? இரத்தத்தில் சர்க்கரை மிகும்போது, கிருமியை எதிர்க்கும் வெள்ளை அணுக்கள் மந்தமாகின்றன. இரத்தக் குழாய்களின் உட்சுவர் நலிவடைகிறது. 2021 இல் இரண்டாம் அலையின்போது நம்மை அச்சுறுத்திய கருப்புப் பூஞ்சை நோயும் பெரும்பாலும் சர்க்கரை கட்டுக்கடங்காதவர்களையே தாக்கியது.

இங்கேதான் நம்பிக்கை தரும் செய்தி ஒன்று உள்ளது. இங்கிலாந்தில் 1 கோடியே 70 லட்சம் பேரின் மருத்துவப் பதிவுகளை 2020 இல் ஆராய்ந்தனர். நீரிழிவு இல்லாதவரோடு ஒப்பிட்டால், சர்க்கரையைக் கட்டுக்குள் வைத்திருந்தவருக்குக் கொரோனாவால் மரணம் நேரும் ஆபத்து 1.3 மடங்குதான். கட்டுக்குள் வைக்காதவருக்கோ ஏறத்தாழ 2 மடங்கு! ஆக, நோயைவிடக் கவனிக்கப்படாத நோயே பெரும் பகை. அதே ஆய்வில், மிகவும் வறிய பகுதிகளில் வாழ்ந்தோருக்கு ஆபத்து 1.8 மடங்காக இருந்ததும் தெரியவந்தது.

நோயும் வறுமையும் சந்திக்கும் இடம் மாத்திரை அட்டை. அரசு மருத்துவமனையில் மாத்திரை இலவசம் என்கிறோம். மெய்தான். ஆனால் வரிசையில் நிற்க ஒரு முற்பகல் வேண்டும். கூலிக்காரருக்கு அது ஒரு நாள் வருமானம். 'அடுத்த வாரம் போகலாம்' என்று தள்ளிப்போடுவார். இல்லத்தரசியோ, 'எனக்கென்ன, நன்றாகத்தானே இருக்கிறேன்' என்று ஒருநாள் விட்டு ஒருநாள் விழுங்குவார். சர்க்கரை வலியின்றி ஏறும். தொற்று வரும் நாளில்தான் அதன் விலை தெரியும்.

இந்தத் தடையை உணர்ந்தே தமிழக அரசு 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தை 2021 ஆகஸ்டு 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கியது. நீரிழிவுக்கும் இரத்தக் கொதிப்புக்கும் உரிய மாத்திரைகள் வீடு தேடி வருகின்றன. நோயாளி கூலியை இழக்கத் தேவையில்லை.

அவசர நிலை முடிந்ததாக உலக சுகாதார நிறுவனம் 2023 மே 5 அன்று அறிவித்துவிட்டது. கிருமி அழிந்துவிடவில்லை. நாளை வேறொரு தொற்றும் வரலாம். ஆகவே, இன்றே செய்ய வேண்டியவை சில:

அத்தாவுக்கும் அம்மாவுக்கும் மட்டுமன்றி, 30 வயதைக் கடந்த அனைவருக்கும் சர்க்கரையையும் இரத்த அழுத்தத்தையும் பரிசோதியுங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் இதற்குக் கட்டணமில்லை.

மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். நோன்பு வருமுன்பே மருத்துவரைக் கண்டு, நோன்பு நோற்கலாமா, ஸஹருக்கும் இஃப்தாருக்கும் ஏற்ப மருந்தை எவ்வாறு மாற்றுவது எனக் கேட்டறியுங்கள்.

நாட்பட்ட நோயுள்ளவருக்குக் காய்ச்சலுடன் மூச்சுத்திணறலும் கண்டால், செலவை எண்ணித் தயங்காதீர்கள். உடனே அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.

இறுதியாக ஒன்று. உங்கள் தெருவில் தனித்து வாழும் முதியவரிடமும், உங்கள் வீட்டில் வேலை செய்யும் பெண்ணிடமும், 'மாத்திரை இருக்கிறதா?' என்று கேளுங்கள். இல்லையென்றால், பெயரைத் திட்டத்தில் பதிய உடன் செல்லுங்கள். பதியச் செல்லும் நாளில் அவர்கள் கூலியை இழக்க நேர்ந்தால், அந்த ஒரு நாள் கூலியை நீங்கள் ஈடுசெய்யுங்கள். ஓர் உயிரைக் காக்க அது போதுமானதாக இருக்கலாம்.